ஒன்றரை நிமிசத்துக்குள் அடங்காத ‘ரீரைட்’

அனிமேக்குத் தொடக்கப் பாட்டாகப் போனால் ஒரு ரொக் பாட்டு விளம்பரமாகிவிடும் எண்டு சிலர் சொல்லுவினம். ஏசியன் குங்ஃபூ ஜெனரேஷன் இசைக்குழுவின் ‘ரீரைட்’டை வைத்து அதை யோசித்துப் பார்ப்போம்.

1972இல் ‘மஸிங்கர் இசட்’ தொடருக்கு இச்சிரோ மிசுகி பாடின காலத்தில், அனிமேப் பாட்டெண்டால் ரோபோவின் பெயரை உரத்துக் கூவவேணும். பிறகு இசைக் கம்பனிகளுக்கு ஒரு விசயம் விளங்கினது: வாராவாரம் திரும்பத் திரும்ப ஒலிக்கிற அந்த ஒன்றரை நிமிசம் ஒரு பாட்டை விற்க அருமையான இடம். 1987இல் ‘சிட்டி ஹன்டர்’ தொடரின் முடிவில் வந்த ‘கெட் வைல்ட்’ தனியாகவே ஓடக்கூடிய பொப் பாட்டு. இந்த ஏற்பாட்டுக்கு ஜப்பானில் ‘டை-அப்’ எண்டு பெயர்.

2003இல் தொடங்கின ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்’டிலும் இதே கணக்குத்தான். தயாரிப்பில் இருந்த அனிப்ளெக்ஸ், சொனி மியூசிக்கின் பிள்ளை. இரண்டாவது தொடக்கப் பாட்டைத் தந்த லார்க்-அன்-சியல், நாலாவதான ‘ரீரைட்’டைத் தந்த ஏசியன் குங்ஃபூ இரண்டுமே சொனியின் கியூன் லேபல். ஆக, வியாபாரம் இல்லையெண்டு நாங்கள் வாதாட வரவில்லை.

ஆனால் பாட்டைக் கேளுங்கோ. இவர்கள் 1996இல் யோகோஹாமாவில், கன்டோ ககுயின் பல்கலைக்கழகத்து இசைக் கழகத்தில் சேர்ந்த பொடியள்; ஒயேசிஸ், வீஸர் கேட்டு வளர்ந்தவர்கள். 2004 ஆகஸ்டில் வந்த இந்தச் சிங்கிளில் ரசவாதமும் இல்லை, எல்ரிக் சகோதரர்களும் இல்லை. அழித்துவிட்டுத் திரும்ப எழுது எண்டு மசாஃபுமி கோட்டோ தொண்டை கிழியக் கத்துகிறார், அவ்வளவுதான். செத்த அம்மாவை உயிர்ப்பிக்கப் போய் உடலை இழந்த இரண்டு பிள்ளைகளின் கதைக்கு முன்னால் அதே வரிகள் வேறு பாரத்தோடு விழுகின்றன. கதையைச் சொல்லாமலே கதைக்குள் போய்விடுகிற பாட்டு. எங்களுக்கு அதுதான் பெரிய விசயம்.

தொலைக்காட்சி வெட்டில் போனது நடுப்பகுதி. கிற்றார்கள் அடங்கி, குரல் முணுமுணுப்பாகி, பிறகு எல்லாம் ஒன்றாக வெடிக்கிற இடம் முழுப் பாட்டில்தான் இருக்கு. தொடரை மட்டும் பார்த்தவர்கள் அதைத் தேடிக் கேட்கவேணும்.

அதே வருசம் ஒக்ரோபரில் வந்த ‘சோல்ஃபா’ அல்பத்திலும் ‘ரீரைட்’ இருந்தது. 2016இல் குழு அந்த அல்பம் முழுவதையும் புதிதாக ஒலிப்பதிவு செய்து வெளியிட்டது. எங்களுக்கு இன்னும் பழைய பதிவுதான் பிடிக்கும்.