நகராண்மைக் கழகத்துக்கு நாம் ஏன் ஓட்டுப் போடுவதில்லை? மலாக்கா நிலவரம்

மலாக்கா வாக்காளருக்கு இரண்டு ஓட்டு உண்டு. ஒன்று நாடாளுமன்றத்துக்கு, இன்னொன்று சட்டமன்றத்துக்கு. ஆனால் தாமானில் கால்வாய் அடைத்துக்கொண்டாலும், கடைக்கு லைசென்ஸ் எடுத்தாலும், வீட்டைப் பெரிதாக்கிக் கட்டினாலும் நாம் போய் நிற்பது ஊராட்சி மன்றத்தில். அதற்கு மட்டும் ஓட்டு இல்லை.

மலாக்காவில் எத்தனை மன்றங்கள்?

மொத்தம் நான்கு: மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம், அலோர் காஜா, ஜாசின், ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகங்கள். மலாக்காவுக்கு மாநகர் அந்தஸ்து 2003 ஏப்ரல் 15-ல் கிடைத்தது. ஹங் துவா ஜெயா 2010-ல் உருவானது.

உறுப்பினர்கள் எப்படி வர்றாங்க?

மாநில அரசு நியமிக்கிறது. 1976 ஊராட்சிச் சட்டத்தின்படி (சட்டம் 171) ஒரு மன்றத்தில் 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். நடைமுறையில் ஆளும் கட்சிகள் இந்த இடங்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன.

முன்பு தேர்தல் இருந்ததா?

இருந்தது. 1951 டிசம்பரில் பினாங்கு ஜார்ஜ்டவுனில் நகராட்சித் தேர்தல் நடந்தது. பிறகு மற்ற நகரங்களுக்கும் பரவியது. 1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, அரசு இத்தேர்தல்களை நிறுத்தி வைத்தது.

ஊராட்சி மன்றங்களை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழர்: மஇகாவின் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் திரும்ப வேண்டும் என்று அந்த ஆணையம் 1968-ல் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976 சட்டத்தின் 15-வது பிரிவு தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

மீண்டும் வருமா?

பினாங்கு 2012-ல் தனிச் சட்டம் போட்டுப் பார்த்தது. 2014-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை. 2018-ல் அன்றைய பிரதமர் மகாதீர், இனப் பிளவு வரும் என்று சொல்லி மறுத்துவிட்டார்.

இந்தியர்களுக்கு இதில் இரண்டு பக்கமும் உண்டு. தேர்தல் வந்தால், சிறுபான்மையான நம்மவர் ஒருவர்கூட ஜெயிக்காமல் போகலாம். நியமனத்தில் கட்சி ஒதுக்கீடாவது கிடைக்கிறது. ஆனால் அப்படி வருபவர், நம்மைவிடத் தம்மை அனுப்பிய கட்சிக்கே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தோட்டத்தில் இருந்தால்?

தோட்டம் தனியார் நிலம். உள்சாலையும் வீடுகளும் பெரும்பாலும் தோட்ட நிறுவனத்தின் சொத்து. தொழிலாளர்களுக்குத் தரும் வீடு, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றுக்கு முதலாளியே பொறுப்பு என்கிறது சட்டம் 446. அதில் குறை இருந்தால் தொழிலாளர் இலாகாவிடம் புகார் செய்யலாம். தோட்டத்தை விட்டுத் தாமானில் வீடு வாங்கியதும் கதை மாறுகிறது. மதிப்பீட்டு வரி உங்கள் பெயரில் வரும், ஆண்டுக்கு இரண்டு தவணை: பிப்ரவரி இறுதி, ஆகஸ்ட் இறுதி.

அப்போ என்னதான் செய்யலாம்?

• முழு மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது சட்டம் 171-ன் பொது விதி. தீர்மானம் போட்டால் மட்டுமே மூட முடியும். கூட்டம் எப்போது என்று கேட்டுப் போகலாம்.

• வீட்டு மதிப்பை மன்றம் உயர்த்தினால் நோட்டீஸ் வரும். அதில் உள்ள தேதிக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுங்கள்.

• குப்பை அள்ளவில்லையா? மலாக்காவில் 2011 செப்டம்பர் முதல் அதைக் கண்காணிப்பது எஸ்டபிள்யூ கோர்ப் என்னும் கூட்டரசு அமைப்பு. புகாரை அங்கே அனுப்புங்கள்.

• உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. எனவே உங்கள் சட்டமன்ற ஓட்டுதான் ஊராட்சி ஓட்டும். வேட்பாளர் வாசலுக்கு வரும்போது, "நகராண்மைக் கழகத்துக்கு யாரை அனுப்புவீங்க?" என்று கேளுங்கள்.

2021 நவம்பர் 20-ல் நடந்த மலாக்கா சட்டமன்றத் தேர்தலில் 18 முதல் 20 வயதுக்காரர்கள் ஓட்டுப் போட முடியவில்லை. 18 வயது விதியும் தானியங்கிப் பதிவும் அதே ஆண்டு டிசம்பர் 15-ல்தான் அமலுக்கு வந்தன. இப்போது உங்கள் பெயர் தானாகவே பட்டியலில் சேரும். எந்தத் தொகுதியில் இருக்கிறது என்பதை மட்டும் தேர்தல் ஆணைய இணையத்தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் பழைய தோட்டத்து முகவரி இருந்தால், ஓட்டும் அங்கேதான் இருக்கும்.