கற்பனை வழக்குகளின் வினாத்தாள்

மேல்நிலை வகுப்பில் சட்டவியலைப் பாடமாக எடுத்தவரின் வினாத்தாளில் மூன்று வகைக் கேள்விகள் இருக்கும். ஒப்பந்தம் செல்லுபடியாக என்னென்ன வேண்டும் என்பது போன்ற நினைவுக் கேள்வி ஒன்று. யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் வண்டி வாங்கி ஏமாந்த கதையைச் சொல்லி, சட்டம் யார் பக்கம் என்று கேட்பது இரண்டாவது. சட்டம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று கேட்டுக் கட்டுரை எழுதச் சொல்வது மூன்றாவது. நினைவுக் கேள்விக்குத் தனி வரலாறு தேவையில்லை. அது எல்லாப் பாடத்துக்கும் பொது. கற்பனை வழக்கைக் கொடுத்து விடை கேட்கும் வழக்கம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. சட்டத்தையே விசாரிக்கும் கட்டுரை பள்ளி மாணவர் கைக்கு வந்தது மிக அண்மையில்தான்.

பழைய ரோமில் இளைஞர்களின் கல்வி பேச்சுப் பயிற்சியில் முடியும். ஆசிரியர் ஒரு சட்டத்தைச் சொல்வார், பிறகு ஒரு கதையைச் சொல்வார். மாணவர் ஏதாவது ஒரு பக்கம் நின்று வாதாட வேண்டும். கொர்தோபாவில் பிறந்த மூத்த செனிக்கா, முதுமையில் தம் மகன்களுக்காக இத்தகைய வாதங்களைப் பத்து நூல்களாகத் தொகுத்தார். அவற்றில் ஐந்து முழுமையாகக் கிடைத்திருக்கின்றன. அதில் வரும் ஒரு வழக்கு இது. கடற்கொள்ளையரிடம் சிக்கிய மகன், மீட்புப் பணம் கேட்டுத் தந்தைக்கு எழுதுகிறான். தந்தை அனுப்பவில்லை. கொள்ளைத் தலைவனின் மகள், தன்னை மணப்பதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு அவனை விடுவித்து, தானும் உடன் வருகிறாள். ஊர் திரும்பியதும், அவளை விலக்கிவிட்டுச் சொத்துள்ள வேறொரு பெண்ணை மணக்கும்படி தந்தை கட்டளையிடுகிறார். மகன் மறுக்கிறான், தந்தை அவனைக் கைவிடுகிறார். யார் செய்தது சரி?

கதை சுவையானது, சட்டம்தான் போலி. இந்தப் பயிற்சிகளில் சொல்லப்பட்ட சட்டங்களில் பல ரோமாபுரி நீதிமன்றம் எதிலும் நடைமுறையில் இருந்தவை அல்ல. பள்ளிக்கூடத்தில் கொள்ளையரோடும் கொடுங்கோலரோடும் காலம் கழித்துவிட்டு, வேலியும் வரப்பும் பற்றிய உண்மையான வழக்குக்குப் போகும் பையன் வேறு உலகத்தில் விழித்தவன் போல நிற்பான் என்று அக்காலத்தவரே எள்ளினார்கள். எழுத்தாளர் பெத்ரோனியஸ் தம் கதையில் இந்தக் கேலியைச் செய்கிறார். பேச்சுக்கலை ஆசிரியர் குயின்டிலியன் பொறுமையாக விளக்கிச் சொல்கிறார். தவிர, இது வாய்ப்பேச்சுப் பயிற்சி. எழுத்துத் தேர்வாக, பதவிக்கான வாசலாக, கற்பனை வழக்கு மாறியது சீனத்தில்.

தாங் அரச மரபின் காலத்தில் (618–907) இலக்கியத் தேர்வில் வென்றவருக்கு உடனே வேலை கிடைக்காது. பதவி கொடுக்கும் அதிகாரம் பணியாளர் அமைச்சுக்கு இருந்தது. அது நான்கைப் பார்த்தது: உடல் தோற்றம், பேச்சு, கையெழுத்து, தீர்ப்பு எழுதும் திறன். நான்காவதற்குக் காரணம் வெளிப்படை. வட்டத்துக்கு அனுப்பப்படும் அதிகாரியே அங்கே நீதிபதியும் ஆவார். சட்டத்துக்கென்று தனித் தேர்வும் ஒன்று இருந்தது. அதில் பத்துக் கேள்விகள், ஏழு தண்டனைச் சட்டத்திலிருந்தும் மூன்று நிர்வாக ஆணைகளிலிருந்தும் வரும். ஆனால் அதற்குப் பெரிய மதிப்பில்லை. கவிதையும் கட்டுரையும் எழுதி வென்றவர்களே மேலே போனார்கள், அவர்களும் தீர்ப்பு எழுதித்தான் ஆகவேண்டும்.

இந்தத் தேர்வு எப்படிக் கெட்டது என்பதை தூ யூ என்ற அமைச்சர் 801-இல் அரசருக்கு அளித்த தம் பெருந்தொகுப்பில் பதிந்திருக்கிறார். வினாத்தாள் தயாரிக்கும் யாரும் அதைப் படிக்க வேண்டும். தொடக்கத்தில் மாவட்டங்களிலிருந்து வந்த உண்மையான, சிக்கலான கோப்புகளையே கேள்வியாகக் கொடுத்தார்கள். தேர்வுக்கு வருவோர் பெருகினார்கள். கோப்புகள் எளிதாகத் தோன்றின. எனவே பழைய செவ்வியல் நூல்களிலிருந்து சிக்கலை எடுத்து, 'ஜியா', 'யி' என்ற குறிகளால் ஆட்களைப் படைத்து, கற்பனை வழக்கு கட்டினார்கள். கூட்டம் இன்னும் பெருகியது. அந்த நூல்களும் எல்லாருக்கும் பாடமாகிவிட்டன. பிறகு யாரும் தொடாத நூல்களின் மூலைமுடுக்குகளில் இருந்து கேள்வி எடுத்தார்கள். யாருக்காவது விடை தெரிந்துவிடுமோ என்பதுதான் தேர்வாளரின் அச்சமாக இருந்தது என்று தூ யூ முடிக்கிறார். தகுதியானவரைக் கண்டுபிடிக்க அமைத்த தேர்வு, கூட்டத்தைக் குறைக்கும் தேர்வாக மாறியது. போட்டித் தேர்வு எழுதிய எவருக்கும் இது புதிய செய்தியாக இராது.

இந்தத் தேர்வுக்குத் தயாரானவர்களில் ஒருவர் கவிஞர் பாய் ஜூயி. 803-இல், நண்பர் யுவான் ஜென்னோடு சேர்ந்து, இதன் உயர்நிலைத் தேர்வில் வென்றார். பயிற்சிக்காக அவர் எழுதிய நூறு தீர்ப்புகள் நகலெடுக்கப்பட்டு தேர்வு எழுதும் மற்றவர்களிடையே பரவின. இன்றைய மாதிரி விடை நூலின் வேலையை அவை செய்தன. அவற்றுள் ஒன்று: ஜிங் என்பவன் மணமாகி மூன்று ஆண்டுகள், பிள்ளை இல்லை. மாமனார் மாமியார் மருமகளை அனுப்பிவிட நினைக்கிறார்கள். தனக்குப் போக இடமில்லை என்று அவள் முறையிடுகிறாள். பிள்ளையின்மை மணவிலக்குக்குக் காரணம் ஆகும் என்பதை விடை முதலில் ஒப்புக்கொள்கிறது. திரும்பிச் செல்ல வீடற்றவளை விலக்கக்கூடாது என்ற விதியை அடுத்து எடுக்கிறது. அவள் இருக்கட்டும் என்று தீர்ப்பளிக்கிறது. இரண்டு விதிகள் மோதும்போது எது மேலோங்கும் என்பதே கேள்வியின் உள்ளடக்கம், பாய் ஜூயி அதைச் சரியாகப் பிடித்தார்.

ஆனால் தாங் சட்டத் தொகுப்பின் உரை, கேள்வி–பதில் வடிவிலேயே, இந்த விஷயத்தைத் தெளிவாக்கி வைத்திருக்கிறது: மனைவிக்கு ஐம்பது வயது ஆகும்வரை பிள்ளையின்மையைக் காரணம் காட்டி விலக்க முடியாது. கவிஞரின் விடையில் அந்த விதி இல்லை. இன்று திருத்துபவர் இங்கே ஒரு மதிப்பெண் குறைத்திருப்பார். அன்றைய தேர்வாளர் இணையடிகளின் ஓசையையும் பழங்குறிப்புகளின் நயத்தையும் சேர்த்தே எடை போட்டார்.

இன்னொரு வழக்கில், விலக்கப்பட்ட மனைவி குற்றம் செய்கிறாள். மகனின் பதவிச் சலுகையால் தண்டனையைக் குறைத்துக்கொள்ள வேண்டுகிறாள். முன்னாள் கணவன் கோபத்தில் மறுக்கிறான். கணவன் மனைவி உறவு அறுந்தாலும் தாய் மகன் உறவு அறாது என்பது பாய் ஜூயியின் விடை. பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் ஹோங் மாய் இத்தகைய விடைகளை மனித இயல்புக்கும் சட்டத்துக்கும் பொருந்தியவை என்று பாராட்டினார். தாங் காலத்து ஜாங் ஜுவோவின் புகழ்பெற்ற தீர்ப்புத் தொகுப்போ அவருக்கு மேற்கோள் குவியலாகவே பட்டது. சட்ட விடையில் அலங்காரம் எவ்வளவு இருக்கலாம் என்ற விவாதம் அப்போதே நடந்திருக்கிறது.

பின்னர் வந்த மிங் அரச மரபின் காலத் தேர்வில் தீர்ப்பு எழுதுவது இரண்டாம் அமர்வில் ஐந்து சிறு விடைகளாகச் சுருங்கியது. சட்டப் பிரிவின் தலைப்பைக் கொடுப்பார்கள். அதற்கேற்பத் தீர்ப்பு எழுத வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் அறிஞர் கு யன்வு இதன் நிலையைக் கண்டு எரிச்சலோடு எழுதினார். யாரும் சட்டம் படிப்பதில்லை. பழைய விடைகளை நகலெடுக்கிறார்கள். ஆளுக்கு ஒரு துறையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு உள்ளே போய், கூடத்தில் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்கிறார்கள். வெற்றி பெற்ற தாள்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. 1756-இல், மிங் மரபுக்கு அடுத்து வந்த சிங் அரசு இந்தப் பகுதியைத் தேர்விலிருந்து நீக்கியது. பெரிய இழப்பாக அது அன்று தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

இங்கிலாந்தில் நிலை நேர்மாறு: அங்கே வழக்கறிஞராகத் தேர்வே தேவைப்படவில்லை. லண்டனின் சட்ட விடுதிகளில் ஒருகாலத்தில் மாதிரி வழக்காடல் கடுமையாக நடந்தது. 1640-களின் உள்நாட்டுப் போருக்குப் பிறகு அது வெறும் சடங்காகி, குறித்த எண்ணிக்கையில் விருந்து உண்டவர் பாரிஸ்டர் ஆனார். சொலிசிட்டர்களுக்கு 1836-இல் தேர்வு வந்தது; பாரிஸ்டர்களுக்கு அது கட்டாயமானது 1872-இல்தான். விருந்தும் தொடர்ந்தது. 1891 ஜூன் 10 அன்று பாரிஸ்டரான காந்தி, தம் சுயசரிதையில் இந்த இரட்டை முறையை விளக்குகிறார். வினாத்தாள் எளிது, திருத்துபவர் தாராளம், ரோமானியச் சட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் தேறுவார்கள். இரண்டு வாரம் குறிப்புகளைப் புரட்டினால் போதும். மூலநூல்களையே படிப்பது என்று முடிவு செய்து அவர் லத்தீனில் ரோமானியச் சட்டம் படித்தார். தென்னாப்பிரிக்காவில் அது பயன்பட்டது என்பதும் அவர் குறிப்பு.

தேர்வுக் கேள்வியின் இன்றைய உருவத்துக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று இந்தியாவில் பிறந்தது. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் வரைந்து, 1860-இல் சட்டமான தண்டனைத் தொகுப்பு, பல பிரிவுகளின் அடியில் சிறு கதைகளைச் சேர்த்தது. ஏ என்பவன் இசட்டின் நிலத்தில் மரத்தை வெட்டுகிறான். எடுத்துச் செல்லும் எண்ணத்தோடு வெட்டினால், மரம் தரையிலிருந்து பிரிந்த கணமே திருட்டு ஆகிவிட்டது. ஏ தன் பையில் இரையை வைத்து இசட்டின் நாயைத் தன் பின்னால் வரவைக்கிறான். நாய் நடக்கத் தொடங்கியதுமே அது திருட்டு. பிரிவைப் படித்தபோது புரியாதது கதையில் புரிந்துவிடும். 1872-இன் ஒப்பந்தச் சட்டமும் இதே வழியில் சென்றது. இந்தியச் சட்டத் தேர்வாளர்கள் பின்னர் செய்ததெல்லாம் இந்தக் கதைகளில் ஓர் உண்மையை மாற்றிக் கேட்பதுதான்: மரத்தை ஏ வெட்டவில்லை, காற்றில் விழுந்ததை எடுத்தான் என்றால்? அந்தத் தண்டனைத் தொகுப்பின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் மரமும் நாயும் இருக்கின்றன.

மற்றொன்று அமெரிக்காவின் ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் தோன்றியது. 1870 வரை அங்கே குறித்த காலம் வகுப்பில் இருந்தவர் தேர்வின்றிச் சட்டப் பட்டம் பெறலாம். அந்த ஆண்டு தலைவரான கிறிஸ்டோபர் லாங்டெல், தீர்ப்புகளையே பாடநூலாக்கினார். எழுத்துத் தேர்வைக் கட்டாயமாக்கி, அதில் நீண்ட கற்பனை வழக்குகளைக் கொடுத்தார். விடை சரியா தவறா என்பதைவிட அதற்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதே அங்கே அளவுகோல். 'ஐராக்' என்று ஆங்கில முதலெழுத்துகளால் அமெரிக்க மாணவர் இன்று சொல்லும் வரிசை இந்த மரபில் வளர்ந்தது: சிக்கல் எது, விதி எது, விதி இந்த உண்மைகளுக்கு எப்படிப் பொருந்துகிறது, முடிவு என்ன. மாணவர் வழுக்குவது பெரும்பாலும் மூன்றாம் படியில்தான். விதியை எழுதிவிட்டு நேராக முடிவுக்குத் தாவினால், இடையில் இருக்க வேண்டிய சட்டச் சிந்தனை தாளில் காணாமல் போகும்.

சட்டம் பள்ளிக்குள் வந்தபோது கேள்வியின் நோக்கம் மாறியது. 1970-களின் தொடக்கத்தில் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் சட்ட மாணவர்கள் உயர்நிலைப் பள்ளிகளில் அன்றாடச் சட்டம் கற்பிக்கத் தொடங்கினார்கள். வழக்கறிஞராகப் போகாதவருக்கும் சட்டம் வேண்டும் என்பது அதன் அடிப்படை. வழக்கறிஞராகப் போகாதவரிடம் யார் வெல்வார் என்று மட்டும் கேட்டால் போதாது. குடிமகனாகச் சட்டத்தைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இந்த மாற்றம் முழு உருவம் பெற்றது. கல்வியாளர் மெக்கா 1997-இல் அளித்த அறிக்கைக்குப் பிறகு திருத்தி அமைக்கப்பட்ட பள்ளி இறுதித் தேர்வு முதன்முதலில் 2001-இல் நடந்தது. விவரி, விளக்கு, விவாதி, மதிப்பிடு ஆகிய ஏவல் சொற்கள் மாணவரிடம் எதை எதிர்பார்க்கின்றன என்று வரையறுத்து ஒரு சொற்பட்டியலையும் தேர்வு வாரியம் வெளியிட்டது. மதிப்பிடு என்ற கேள்விக்கு விவரித்து எழுதியவர், எத்தனை பக்கம் எழுதினாலும் உச்ச மதிப்பெண் பெறமாட்டார். 2009 பாடத்திட்டத்தின்படி சட்டவியலில் நூறு மதிப்பெண்: இருபது பல்தேர்வு வினாக்களுக்கு, முப்பது மனித உரிமைச் சிறுவினாக்களுக்கும் குற்றவியல் கட்டுரைக்கும், ஐம்பது இரண்டு விருப்பப் பகுதிக் கட்டுரைகளுக்கு. குடும்பம், நுகர்வோர், பணியிடம், பழங்குடி மக்கள், உலக ஒழுங்கு முதலியவை விருப்பப் பகுதிகள்.

கட்டுரைக்கு வழக்கமான அடிக்கேள்வி, சட்டம் நீதியை எட்டுவதில் எவ்வளவு பயனுள்ளது என்பது. அதற்குச் சான்றாக மாணவர் சட்டங்கள், வழக்குகள், பன்னாட்டு உடன்படிக்கைகள், ஊடகச் செய்திகள் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். 1992-இன் டீட்ரிக் வழக்கை எடுத்துக்கொள்ளலாம். கடுங்குற்றம் சாட்டப்பட்டவர், தம் தவறு ஏதுமின்றி வழக்கறிஞர் வைக்க இயலாமல் இருந்தால், நியாயமான விசாரணைக்காக நீதிமன்றம் பொதுவாக வழக்கைத் தள்ளிவைக்க வேண்டும் என்றது ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம். வழக்கின் கதையை அரைப்பக்கம் எழுதுபவருக்கு அதனால் பயனில்லை. தீர்ப்பு வந்தும் அரசு செலவில் வழக்கறிஞர் வேண்டும் என்ற தனி உரிமை பிறக்கவில்லை என்பதை ஒரே வாக்கியத்தில் சுட்டி, சட்ட உதவிக்கான நிதியோடு அதைச் சேர்த்துப் பார்ப்பவரின் தாளில்தான் வாதம் நகர்கிறது. பழங்குடி மக்கள் பகுதியில் அதே ஆண்டின் மாபோ தீர்ப்பு இதே வேலையைச் செய்யும்: ஆஸ்திரேலியா யாருக்கும் சொந்தமில்லாத நிலமாக இருந்தது என்ற பழைய கோட்பாட்டை நீதிமன்றம் தள்ளியது பாதிக் கதை, 1993-இன் பூர்வீக உரிமைச் சட்டத்தின்கீழ் அந்த உரிமையை மெய்ப்பிப்பது எவ்வளவு கடினம் என்பது மறுபாதி.

இந்தியாவில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2013-இல் சட்டவியலைப் பதினோராம் வகுப்பு விருப்பப் பாடமாகக் கொண்டுவந்தது. எழுத்துத் தேர்வுக்கு எண்பது, செயல்திட்டத்துக்கு இருபது என்பது இப்போதைய பகிர்வு. நீதித்துறை, ஒப்பந்தம், தீங்கியல், மாற்றுத் தகராறுத் தீர்வு, சட்ட உதவி ஆகியவை பாடங்கள். நினைவுக் கேள்விகளின் எடை இங்கே கூடுதல். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு வாரியம் திறன் சார்ந்த வினாக்களின் பங்கைக் கூட்டிவருகிறது. அதனால் கற்பனை வழக்கு, ஒரு பத்தி உண்மைகளும் அடியில் இரண்டு மூன்று கேள்விகளுமாக, பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாளிலும் இடம்பெறுகிறது.