விலங்குகளின் செவி அழற்சி

செவி அழற்சி என்பது வளர்ப்பு விலங்குகளின் காதில் தோன்றும் நோய்களுள் ஒன்றாகும். மடலிலிருந்து செவிப்பறை வரை ஏற்படுவது வெளிச்செவி அழற்சி எனவும், செவிப்பறைக்கு அப்பால் ஏற்படுவது நடுச்செவி அழற்சி எனவும் வழங்கப்படும். நாய்களில் இது மிகுதி. பூனை, முயல், ஆடு, மாடு ஆகியவற்றிலும் காணப்படுகிறது.

காரணங்கள்

நாயின் செவிக்கால்வாய் முதலில் கீழ்நோக்கி இறங்கி, பின்னர் உட்புறமாகத் திரும்புகிறது. இதனால் உள்ளே சென்ற நீரும் அழுக்கும் எளிதில் வெளியேறுவதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தின் புதுப்பட்டினம், மாமல்லபுரம் போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரப்பதம் மிகுதி. கடலிலோ குளத்திலோ குளித்த நாயின் காது, குறிப்பாக மடல் தொங்கும் இனங்களில், உலர நெடுநேரமாகும். எனினும் ஈரமும் தொங்கும் மடலும் நோய்க்குத் துணைபுரிபவையே தவிர, நோயின் மூலமல்ல.

மூலகாரணங்களுள் முதன்மையானது ஒவ்வாமை. தெள்ளுக்கடி, உணவு, தூசி முதலியவற்றால் தோலில் உண்டாகும் ஒவ்வாமை காதிலும் வெளிப்படும். காதுச் சிற்றுண்ணிகள், காதுக்குள் நுழைந்த புல்விதை, கட்டிகள், தைராய்டு சுரப்புக் குறை ஆகியன பிற காரணங்கள். இவற்றால் தோல் பழுதடைந்த பின்னரே பாக்டீரியாக்களும் மலசீசியா எனும் நொதியும் பெருகுகின்றன. மலசீசியா நலமான காதிலும் சிறிதளவு வாழ்வதாகும். ஆகவே சீழுக்கு மட்டும் மருந்திட்டு ஒவ்வாமையைக் கவனியாது விட்டால், நோய் மீண்டும் மீண்டும் வரும்.

நாய்களில் நடுச்செவி நோய் பெரும்பாலும் செவிப்பறை கிழிந்து உட்பரவுவதால் வருகிறது. பூனைகளிலும் கன்றுகளிலும் தொண்டையிலிருந்து செவிக்குச் செல்லும் குழல் வழியாகவும் கிருமிகள் சேரும். கன்றுகளில் மைக்கோபிளாசுமா போவிசு இவ்வாறு பரவுவதுண்டு. நீண்ட மடலுடைய கிர் இன மாடுகளின் காதில் ராப்டிட்டிசு என்னும் நுண்புழு நோய் பிரேசிலில் பெரிதும் அறியப்பட்டுள்ளது.

அறிகுறிகள்

தலையை உதறுதல், காதைச் சொறிதல், துர்நாற்றம், சிவப்பு, தொட்டால் வலி ஆகியன தொடக்க அறிகுறிகள். காப்பித்தூள் போன்ற கரிய அழுக்கு சிற்றுண்ணியைக் குறிக்கலாம். ஓயாது உதறுவதால் மடலுக்குள் குருதி தேங்கி மடல் பை போல வீங்குவதுண்டு. கவனிக்கப்படாத புண்ணில் ஈக்கள் முட்டையிட, காதில் புழு வைக்கும்.

வாயைத் திறக்கையில் வலி, முகத்தின் ஒருபக்கம் தொங்குதல், கண்மணி சுருங்குதல் ஆகியன நடுச்செவி பாதிக்கப்பட்டதைக் காட்டும். முக நரம்பும் கண்ணுக்குச் செல்லும் நரம்பிழைகளும் அவ்வழியே செல்வதே காரணம். தலை ஒருபுறம் சாய்ந்து, விலங்கு வட்டமிட்டு நடந்தால் நோய் உட்செவியை எட்டியிருக்கலாம்.

வெண்ணிற இராசபாளையம் நாய்கள் சிலவற்றில் காணப்படும் பிறவிச் செவிட்டுத்தன்மை அழற்சியால் வருவதன்று.

சிகிச்சை

செவிப்பறை முழுமையாக உள்ளதா என்பதைக் கருவியால் பார்த்தறிதல் முதற்படி. அழுக்கை நுண்ணோக்கியில் ஆய்ந்தால் சிற்றுண்ணியா, நொதியா, பாக்டீரியாவா என்பது தெரியும். காய்ச்சிய எண்ணெய் ஊற்றும் வழக்கம் தீங்கானது. கிழிந்த செவிப்பறை வழியே செண்டாமைசின் போன்ற மருந்துகள் உட்சென்றால் கேட்கும் திறனே போய்விடலாம். தமிழ்நாட்டில் அரசு கால்நடை மருந்தகங்களிலும், 1903இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையிலும் இந்நோய்க்குச் சிகிச்சை பெறலாம்.