பருத்தி வயலிற் புகலிடம்: ஒரு வரலாற்று நோக்கு

பரம்பரையலகு மாற்றப்பட்ட பயிர்களாற் சுற்றாடலுக்கு நேரக்கூடிய தீங்குகளைக் குறைப்பது ஆய்வுகூடத்திலேயே முடிந்துவிடும் காரியமன்று. பயிர் வயலுக்கு வந்த பின்னர் பயிரிடுவோர் கைக்கொள்ளும் ஒழுங்கிலேயே அது பெரிதும் தங்கியுள்ளது. இவ்வுண்மையைப் பி.ரி. பருத்தியின் வரலாறு தெளிவாக உணர்த்துகின்றது.

மண்ணில் வாழும் பசிலசு துரிஞ்சியென்சிசு என்னும் பற்றீரியா, சில புழுக்களைக் கொல்லும் புரதமொன்றை உண்டாக்குகின்றது. அதற்குரிய பரம்பரையலகு புகுத்தப்பட்ட பருத்தியே பி.ரி. பருத்தியாகும். செடியிலேயே நஞ்சு இருப்பதாற் பூச்சிநாசினியின் தேவை குறைந்தது. ஆனால், ஆபத்தும் அங்கேயே தோன்றியது. ஓயாது நஞ்சை எதிர்கொள்ளும் புழுக்கூட்டத்தில், அதனைத் தாங்கவல்ல மிகச் சிலவே எஞ்சும். அவை தம்முட் கூடி இனம்பெருக்கின், பருத்தியின் பாதுகாப்பு அற்றுப்போகும். விவசாயி மீண்டும் கடும் நாசினிகளை நாட நேரும்.

இதனைத் தடுக்க வகுக்கப்பட்டதே புகலிட முறையாகும். வயலின் ஒரு பகுதியிற் சாதாரண பருத்தி பயிரிடப்படும். அங்கு எதிர்ப்புச் சக்தியற்ற அந்துப்பூச்சிகள் பெருந்தொகையாக வளரும். எதிர்ப்புச் சக்தியுள்ள அரிய பூச்சிகள் அவற்றுடன் கூடும்போது, எதிர்ப்பியல்பு பின்னிடைவானதாயின், பிறக்கும் சந்ததி பி.ரி. பருத்தியை உண்டு மடியும்.

1996ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிற் பி.ரி. பருத்தி வர்த்தக ரீதியில் அறிமுகமானபோதே புகலிடமும் விதியாக்கப்பட்டது. அரிசோனா விவசாயிகளுட் பெரும்பாலானோர் அதனைக் கைக்கொண்டனர். பத்தாண்டுகள் சென்றும் அங்கு இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்புச் சக்தி பெறவில்லை. 2006 முதல் மலடாக்கப்பட்ட அந்துப்பூச்சிகள் வானூர்திகளிலிருந்து விடப்பட்டன. 2018இல் அந்நாட்டின் பருத்திப் பிரதேசங்களில் அப்புழு ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

இந்தியாவில் 2002இல் அனுமதி வழங்கப்பட்டபோது, நிலத்தில் 20 சதவீதம் அல்லது சுற்றிவர ஐந்து வரிசைகள், இவற்றுள் எது பெரிதோ அது புகலிடமாதல் வேண்டுமென விதிக்கப்பட்டது. அதற்கெனச் சாதாரண விதையும் உடன் வழங்கப்பட்டது. ஆயினும், சில ஏக்கர் நிலத்தையே நம்பிக் கடன்பட்டு விதைக்கும் சிறு விவசாயி, அதிலொரு பங்கைப் புழுவுக்கு விட்டுக்கொடுக்கத் தயங்கியதில் வியப்பில்லை. விதி பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. குஜராத்தில் முதலாவது வகைக்குக் காய்ப்புழு எதிர்ப்புப் பெற்றமை 2010இற் பகிரங்கமாக ஒப்புக்கொள்ளப்பட்டது. 2006இல் அனுமதி பெற்ற, இரு புரதங்களைக் கொண்ட வகையும் அடுத்த சில ஆண்டுகளில் அப்புழுவின் முன் வலுவிழந்தது. 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்திற் பருத்திக்கு நாசினி தெளித்தோர் பலர் நஞ்சேறி இறந்தனர். அதற்குக் காய்ப்புழு ஒன்றே காரணமெனல் பொருந்தாது. எனினும், நாசினியைக் குறைக்க வந்த பயிரின் வரலாற்றில் இது கசப்பான அத்தியாயமேயாகும்.

சீனாவின் யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்கு வேறொரு பாடத்தைத் தருகின்றது. அங்கு விவசாயிகள் விலை மலிவான இரண்டாந் தலைமுறைக் கலப்பின விதைகளை விரும்பி வாங்கினர். அவற்றிலிருந்து முளைத்த செடிகளில் ஏறக்குறைய காற்பங்கு நஞ்சற்றவை. சட்டம் எதுவும் வற்புறுத்தாமலே வயல் தோறும் புகலிடம் உண்டாயிற்று. காய்ப்புழுவின் எதிர்ப்புச் சக்தியும் தணிந்தது.

இம்மூன்று நாடுகளின் அனுபவமும் ஒன்றையே சுட்டுகின்றது. சுற்றாடலைக் காக்கும் விதியின் சுமை உழுபவனாற் சுமக்கக்கூடியதாய் இருந்தவிடத்து அது நிலைத்தது. ஏழை விவசாயியின் தலையில் மாத்திரம் ஏற்றப்பட்டவிடத்து அது தோற்றது. பயிரை அனுமதிப்போர் விதையின் இயல்பை ஆராய்வதோடு அமையாது, அதனை விதைப்பவனின் நிலையையும் ஆராய்தல் வேண்டும்.