அச்சத்தை அளந்த மன்றங்கள்

தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. தெய்வம், விலங்கு, கள்வர், இறைவனாகிய அரசன் என்னும் நான்கினின்றும் அது பிறக்கும் என்பது மெய்ப்பாட்டியல் தரும் செய்தி. காக்க வேண்டிய அரசே அச்சத்துக்கு நிலைக்களன் ஆதல் கூடும் என்பதைத் தமிழ் இலக்கணம் அன்றே கண்டிருந்தது. அவ்வச்சத்துக்கு உலகச் சட்டம் பொதுவானதோர் இலக்கணம் வகுத்தது 1951இல் ஆகும்.

அவ்வாண்டு சூலை 28இல் ஜெனீவாவில் உருவான அகதிகள் உடன்படிக்கை, இனம், சமயம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்தனுள் ஒன்றன் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்னும் 'நல்ல அடிப்படையுள்ள அச்சம்' கொண்டு நாட்டைவிட்டு நீங்கி நிற்பவரை அகதி என்றது. 1951க்கு முற்பட்ட நிகழ்ச்சிகளையே கருதிய கால எல்லையை 1967ஆம் ஆண்டு நெறிமுறை நீக்கியது. அச்சம் உள்ளத்தைச் சார்ந்தது. அடிப்படை உலகியலைச் சார்ந்தது. இவ்விரண்டனுள் எதற்கு முதன்மை என்னும் வினா எஞ்சி நின்றது.

இங்கிலாந்தில் இதற்கு விடை பிறந்தது ஈழத் தமிழர் வழக்கில். 1987இல் புகலிடம் மறுக்கப்பட்ட அறுவர் நீதிமன்றத்தை நாடினர். மேல்முறையீட்டு நீதிமன்றம் அஞ்சுபவரின் இடத்தில் நின்று நோக்கியது. ஓரளவு துணிவுடையவரும் அந்நிலையில் அஞ்சத் தக்க காரணம் இருப்பின் போதும் என்றது. அன்று நாட்டின் உச்ச மன்றமாக விளங்கிய பிரபுக்கள் அவை, டிசம்பர் 16இல் அம்முடிவை மாற்றியது. துன்புறுத்தல் நிகழ 'நியாயமான அளவு வாய்ப்பு' உண்டா என்பதை, அஞ்சுபவர் அறியாத உண்மைகளையும் கொண்டு, புறநிலையில் காணவேண்டும் என்றது. எனினும் அவ்வாய்ப்பு பாதிக்கு மேற்பட்டதாதல் வேண்டா. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், நிகராகுவா நாட்டுப் பெண்ணொருவர் வழக்கில், பத்தில் ஒரு பங்கு வாய்ப்பும் அச்சத்துக்கு அடிப்படையாகலாம் எனக் கருதியது. பொருள் வழக்கில் பிழை நேர்ந்தால் பொருள் போகும்; இங்கே உயிர் போகும்.

அறுவருள் ஐவர் 1988 பிப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். சிலர் அங்குக் கொடுமைக்கு ஆளாயினர். நுழைவாயிலில் மறுக்கப்பட்டோர் நாட்டைவிட்டு நீங்கிய பின்னரே முறையிடலாம் என்பது அந்நாளைய விதி. அவ்வாறு எழுந்த முறையீட்டில், அவர்தம் அச்சத்துக்கு அடிப்படை உண்டென 1989இல் நடுவர் முடிவுசெய்தார்; ஐவரும் இங்கிலாந்துக்கு மீண்டனர். ஆனால், 1991 அக்டோபர் 30இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இங்கிலாந்தின்மேல் குற்றமில்லை என்றது. அவர்கள் நிலை பிற தமிழ் இளைஞரின் நிலையினும் கொடியதெனக் காட்டப்படவில்லை என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. எல்லாரும் அஞ்சிய நாட்டில் ஒருவரின் அச்சம் தனித்துத் தெரியாமற் போயிற்று. வெளியேற்றத்துக்கு முன்பே முறையிடும் உரிமையை 1993ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது.

உயிர் தப்பி வருபவர் ஆவணம் சுமந்து வருதல் அரிது. ஆதலின், உண்மை காணும் கடமை முறையிடுபவர்க்கும் விசாரிப்பவர்க்கும் பொது என்றும், ஐயத்தின் பயன் முறையிடுபவரைச் சார்தல் வேண்டும் என்றும் ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் 1979இல் வெளியிட்ட கையேடு வழிகாட்டியது. உள்ளத்து அச்சம் மெய்யின்கண் வெளிப்படும் என்பது மெய்ப்பாட்டுக் கோட்பாடு. நீதிமன்றத்திலோ நடுக்கமும் ஒன்றையே காட்டுவதில்லை. மௌனமும் ஒன்றையே சொல்வதில்லை. அங்குச் சொல்லே பெருஞ்சான்று. அதுவும் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியே வந்து சேரும் சொல்.