பதினோராண்டு காத்திருந்த பழுது

கோட்டை கட்டியவர்களைச் சரித்திரம் நினைவில் வைத்துக்கொள்கிறது. மதிலின் விரிசலை அடைத்தவர்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. கணிப்பொறியின் சரித்திரத்திலும் இதுவே வழக்கம். ஆதலால், விரிசல் அடைத்த வரலாறு ஒன்றை இன்று நாம் காண்போம்.

கணிப்பொறியில் எத்தனையோ நிரல்கள் ஒரே வேளையில் இயங்குகின்றன. அவற்றுக்கு நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுத்து, ஒன்றின் உடைமையில் மற்றொன்று கைவைக்காதபடி காவல் புரியும் மூல நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். பின்லாந்து நாட்டில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ் அத்தகைய கெர்னல்களுள் ஒன்று. ஆண்ட்ராய்டு கைபேசிகளும் அதன்மீதே இயங்குகின்றன. தில்லியிலும் மும்பையிலும் பணிபுரியும் நம்மவர் பலர் ஊருக்குப் பணம் அனுப்பும் கருவியிலும் காவலாய் நிற்பது அதுவே.

நினைவகத்தைச் சிக்கனமாய்ச் செலவிட லினக்ஸ் ஓர் உபாயத்தைக் கையாள்கிறது. ஒரே ஏட்டைப் பலர் படிக்கலாம். எவரேனும் அதில் எழுத விரும்பினால், அவருக்கெனத் தனிப் பிரதி ஒன்று எடுத்துத் தரப்படும். மூல ஏடு மாறாது. ஆனால் பிரதி எடுத்தல் ஒரு செயல். அதில் எழுதுதல் மற்றொரு செயல். இவ்விரண்டுக்கும் இடையே கண்ணிமைப்பினும் மிகச் சிறியதோர் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில், 'இந்தப் பிரதி வேண்டாம்' என்று அதே நிரலின் மற்றொரு கிளை அறிவித்துவிட்டால், கெர்னல் பிரதியைக் களைந்து, மூல ஏட்டையே மீண்டும் எடுத்து, அதன்மீது எழுதிவிடும். படிக்க மட்டுமே உரிமையுள்ள ஒருவர் கோப்பைத் திருத்திக் கணிப்பொறியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற இவ்வழி போதுமாயிருந்தது. அவ்வுபாயத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் பசுவைக் குறிக்கும் சொல்லாய் அமைந்தமையால், இப்பழுது 'டர்ட்டி கௌ', அதாவது அழுக்குப் பசு, என்று பெயர் பெற்றது.

இவ்வகைப் பழுதை டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டிலேயே கண்டு திருத்தினார் என்பதே வியப்பு. ஆனால் அத்திருத்தம் ஐ.பி.எம். நிறுவனத்தின் எஸ்390 என்னும் பெரும் யந்திரங்களில் இடையூறு விளைத்தமையால் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஏட்டளவில் மட்டுமே நேரக்கூடிய அபாயம் என்று அன்று அது கருதப்பட்டது. ஆண்டுகள் சென்றன, கெர்னலின் நினைவக அமைப்பு வளர்ந்து மாறியது, ஏட்டளவில் இருந்த அபாயம் எளிதில் நிகழக்கூடியதாயிற்று. 2007-இல் வெளியான 2.6.22-ஆம் பதிப்பு முதலே பழுது குடிகொண்டிருந்ததாகக் கணிக்கப்படுகிறது.

2016-ஆம் ஆண்டில் பில் ஆஸ்டர் என்னும் ஆய்வாளர், தாக்குண்ட ஒரு கணிப்பொறிக்கு வந்த தகவல்களின் பதிவை ஆராய்ந்து, எவரோ இவ்வழியை முன்னரே பயன்படுத்துவதைக் கண்டறிந்தார். அக்டோபர் மாதத்தில் டோர்வால்ட்ஸ் மீண்டும் திருத்தம் செய்தார். பிரதி எடுத்தாயிற்று என்பதற்கு ஒரு தனி அடையாளம் இடப்பட்டது. அப்பிரதி உண்மையில் இருக்கிறதா என்று சரிபார்த்த பின்னரே எழுத அனுமதிக்கும் முறை வந்தது. பதினோராண்டுக்கு முன் தாம் செய்த முயற்சி செம்மையாய் அமையவில்லை என்று திருத்தக் குறிப்பிலேயே அவர் எழுதி வைத்தார்.

கதை அத்துடன் முடியவில்லை. நினைவகத்தின் பெரும் பக்கங்களைக் கையாளுமிடத்தில் அத்திருத்தமே ஒரு சிறு வழியைத் திறந்து வைத்திருந்தது. 2017 நவம்பரில் அதுவும் அடைக்கப்பட்டது. இதற்கிடையே, அதே ஆண்டு செப்டம்பரில், பழைய பழுதைக் கொண்டு ஆண்ட்ராய்டு கைபேசிகளைத் தாக்கும் தீநிரல் ஒன்று 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் காணப்பட்டது. பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் சீனத்திலும் இந்தியாவிலும் இருந்தனர். திருத்தம் பிறந்து ஏறத்தாழ ஓராண்டு கடந்திருந்தும், அது அவர்களுடைய கருவிகளை எட்டவில்லை.

மூல நிரலில் எழுதப்பட்ட சில வரிகள், உற்பத்தியாளர் வழியாக, உரியவரின் கைபேசியில் ஏறும் வரை அவர் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கிறது. புதுப்பித்துக்கொள்ளுமாறு நம் கைபேசி கேட்கும் சிறு அறிவிப்பின் பின்னால் இத்தகைய நீண்ட வரலாறு நிற்கக்கூடும். அதை நாளைக்கென ஒத்திப்போடாதிருப்பது நம் கையில்தான் உள்ளது.