இணையராக நிறுத்தப்பட்டவர்கள்: திருச்சி மைக்கா ஓவியங்களும் அகமணமும்



நினைவுப் பேருரை மறைந்தவரைப் போற்றுவதோடு முடிந்துவிடக் கூடாது. அவர் விட்டுச்சென்ற கேள்விகளில் ஒன்றையாவது ஓரடி முன்னே நகர்த்த வேண்டும். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட கேள்வி இது: ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து நிற்கும் படத்தில் நம் மக்கள் யாரால், எதற்காக வரையப்பட்டார்கள்? அந்தப் படத்தில் அவர்களுடைய அன்புக்கு இடம் இருந்ததா, சாதிக்கு மட்டும் இடம் இருந்ததா? இதற்கான சான்றுகளில் ஒரு பகுதி திருச்சிராப்பள்ளியில் உருவாகிக் கடல்கடந்து போனது. இன்னொரு பகுதி காவிரிக்கு நடுவே ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் திருச்சி ஆங்கிலேயரின் பெரிய ராணுவ முகாம்களுள் ஒன்று. ஊருக்குத் திரும்பும் அதிகாரிகளும் பாதிரிமார்களும் இந்தியாவின் நினைவாக எதையாவது வாங்கிச் செல்ல விரும்பினார்கள். அவர்களுக்காக இங்கே ஓவியர்கள் மைக்காத் தகடுகளில் படம் எழுதினார்கள். காக்காப்பொன் என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதே பொருள்தான். மெல்லிதாகப் பிரியும், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். கையடக்கமான அந்தத் தகடுகளில் தொழில்கள், சாதிகள், திருவிழாக்கள், வாகனங்கள் என்று வரிசையாக வரைந்து தொகுதியாக விற்றார்கள். மூர்ஷிதாபாத், பாட்னா, காசி ஆகிய ஊர்களோடு திருச்சியும் இந்த ஓவியத்துக்குப் பெயர் பெற்றிருந்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இவை இன்றும் இருக்கின்றன.

இவற்றுக்கு முன்மாதிரி 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தஞ்சாவூரில் உருவாகிவிட்டது. ஒரு தாளில் ஓர் ஆண், அவன் மனைவி. அவன் கையில் தொழிற்கருவி, அவள் கையிலோ இடுப்பிலோ குடம், கூடை, குழந்தை. அடியில் சாதியின் பெயர் அல்லது தொழிலின் பெயர். தோல் தொழிலாளியும் மனைவியும், நெசவாளரும் மனைவியும் என்று பக்கங்கள் நகரும். தனி உருவங்களும் உண்டு. ஆனால் திரும்பத் திரும்ப வருவது இந்த இணைதான்.

மதுரையில் 1837 பிப்ரவரியில் உருவான ஒரு தொகுதி இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. இந்தியாவின் சாதிகளுக்கு 72 மாதிரிகள் என்பது அதன் தலைப்பு. அமெரிக்க மிஷனரிகள் நடத்திய ஆங்கிலப் பள்ளி ஒன்றில் எழுத்துப் பயிற்சி தந்த நம் நாட்டு ஆசிரியர் ஒருவர் அதைத் தொகுத்தார். வில்லியம் ட்வைனிங் என்ற பாதிரியாருக்கு அது அன்பளிப்பாகத் தரப்பட்டது. படங்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் குறிப்புகள் உள்ளன. மாதிரிகள் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆளுக்குப் பெயர் வேண்டாம், மாதிரிக்கு வகை போதும். பெற்றுக்கொண்ட பாதிரியாரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. படத்தில் இருப்பவர்கள் சாதிப் பெயராக மட்டுமே நிற்கிறார்கள்.

இந்தப் படங்களை நடை உடை பாவனைகளின் ஆவணமாகத்தான் இதுவரை பலரும் படித்திருக்கிறார்கள். நாம் அவற்றை அம்பேத்கரோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, இந்தியச் சாதிகள் பற்றிய ஆய்வுரையை அவர் வாசித்தார். சாதியின் சாரம் அகமணம் என்று அதில் நிறுவினார். தொழில், தீட்டு, சடங்கு எல்லாம் கூடவே வருபவை. ஒரு குழு தன் ஆணையும் பெண்ணையும் தனக்குள்ளேயே பூட்டி வைப்பதால்தான் சாதி நிலைக்கிறது.

இந்த வெளிச்சத்தில் சாதித் தொகுதியைத் திறந்தால், ஒவ்வொரு பக்கமும் அகமணத்தின் படமாகத் தெரிகிறது. ஒரு சாதிப் பெயர், ஒரு கணவன், ஒரு மனைவி. மூன்றாம் பக்கத்து ஆண் பத்தாம் பக்கத்துப் பெண்ணோடு நிற்பதற்கு அந்த வடிவத்திலேயே இடமில்லை. அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பினார்களா என்பதும் அங்கே கேள்வியில்லை. அந்தப் பெண் அங்கே நிற்பது சாதியின் கணக்கை நேர்செய்வதற்காக.

இதே காலத்துக்குச் சற்று முன்பு மெக்சிகோவில் ஸ்பானிய ஆட்சியின்கீழ் காஸ்தா ஓவியங்கள் என்று ஒரு வகை இருந்தது. அங்கும் ஆணும் பெண்ணும்தான், அங்கும் அடியில் பெயர்தான். ஆனால் தாயும் தந்தையும் வேறு வேறு இனத்தவர், நடுவில் அவர்களுடைய குழந்தை. பெரும்பாலும் 16 படங்கள் ஒரு தொகுதி. மிகேல் கப்ரேரா 1763இல் வரைந்த தொகுதி புகழ்பெற்றது. அவையும் வெள்ளையரை உச்சியில் வைத்த ஏணிகள்தான், அதில் ஐயமில்லை. இருந்தாலும் அங்கே கலப்பு நடக்கிறது என்பதை ஓவியம் ஒப்புக்கொண்டது. இங்கே ஓவியம் கலப்பைக் கண்ணிலேயே காட்டவில்லை. சாதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் காஸ்தா என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை என்பதையும் மாணவர்கள் நினைவில் கொள்ளலாம்.

மைக்காவிலேயே இன்னொரு வகை உண்டு. அடியில் ஓர் அட்டையில் ஒரு முகம் வரைந்திருக்கும். அதன்மேல் வைக்க, முகத்தின் இடம் மட்டும் வெறுமையாக விடப்பட்ட பல மைக்காத் தகடுகள். ஒன்றை வைத்தால் அந்த முகம் பூசாரி, எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் கூலியாள். விளையாட்டாகச் செய்த பொருள்தான். ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்களில் மறைக்கப்பட்ட உண்மை அந்த விளையாட்டில் வெளிப்பட்டுவிடுகிறது: முகம் ஒன்று, சாதி மேலே வைத்த தகடு.

அரசு அந்த விளையாட்டிலிருந்து பாடம் கற்கவில்லை, தகடுகளை எண்ணத் தொடங்கியது. 1871இல் தொடங்கிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் சாதிவாரியாகப் பட்டியலிட்டன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மக்களின் மூக்கையும் தலையையும் அளந்தார். அவருடைய தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்ற ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. ஓவியன் நிறுத்திய இடத்தில் அளவுகோல் வந்து நின்றது.

இப்போது ஆற்றைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்குப் போவோம். கோயில் அருங்காட்சியகத்தில் நாயக்கர் காலத்துத் தந்தச் சிற்பங்கள் உள்ளன. அவற்றில் அரசனும் அரசியும் நெருங்கி நிற்கிறார்கள், தழுவி நிற்கும் இணைகளும் உண்டு. 1706 முதல் 1732 வரை ஆண்ட விஜயரங்க சொக்கநாதரும் அவர் அரசியும் கைகூப்பி நிற்கும் உருவங்கள் கோயிலுக்குள் இருக்கின்றன. அரசனுக்குப் பெயர் உண்டு, பக்கத்தில் துணை உண்டு, நெருக்கமும் உண்டு. இதே வட்டாரத்தில் நெருக்கம் அரண்மனைக்கும், அடையாளம் சேரிக்கும் என்று பங்கிடப்பட்டிருந்தது.

இந்தப் பங்கீட்டின் பழைய கதை திருப்பாணாழ்வாருடையது. அவர் உறையூர்க்காரர். தீவுக்குள் கால்வைக்காமல் காவிரிக் கரையிலேயே நின்று பாடினார் என்றும், லோகசாரங்க முனிவர் எறிந்த கல் அவர்மேல் பட்டது என்றும், பிறகு இறைவன் ஆணைப்படி அந்த முனிவரே அவரைத் தோளில் சுமந்து சென்றார் என்றும் குருபரம்பரை சொல்கிறது. ஒரு பார்ப்பனரின் தோள்மேல் ஒரு பாணர். இரண்டு உடல்கள் தொட்டுக்கொள்ளும் அந்த உருவம் நம் ஊரின் வலிமையான உருவங்களுள் ஒன்று. ஆனால் கதையின் இரு முனைகளையும் பாருங்கள். அவர் பாணர் வயிற்றில் பிறக்கவில்லை, நெற்பயிரின் நடுவே கண்டெடுக்கப்பட்டார், பாணர் தம்பதி வளர்த்தார்கள் என்பது தொடக்கம். இறைவனின் திருமேனியில் கலந்து மறைந்தார் என்பது முடிவு. ஒரு பாணரும் அவர் மனைவியும் அன்பு செய்து பெற்ற பிள்ளை ஆழ்வாராவதைக் கதையால் தாங்க முடியவில்லை. கோயிலுக்குள் போன பாணர் திரும்பி வீட்டுக்கு வருவதையும் தாங்க முடியவில்லை. அடிமுதல் கண்வரை ஓர் உடலைப் பத்துப் பாட்டில் பார்த்துப் பாடியவருக்குத் தன் உடலின் பிறப்பு மறுக்கப்பட்டது.

இது பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சாதி கடந்து மணந்த இருவர் பட்டப்பகலில் வெட்டப்பட்டதைக் கண்காணிப்புக் கேமரா பதிவு செய்தது. கணவர் இறந்தார், மனைவி உயிர்தப்பினார். அவர்கள் செய்த குற்றம், தொகுதியின் இரண்டு பக்கங்களிலிருந்து வந்து ஒரே படத்தில் நின்றது. சாதி ஒழிப்பு என்ற உரையில் அம்பேத்கர் கலப்பு மணத்தையே உண்மையான மருந்தாகச் சொன்னார். 1936இல் லாகூரில் ஆற்ற வேண்டிய அந்த உரையை அழைத்தவர்களே ரத்து செய்தார்கள். அவர் அதை அச்சிட்டு நம் கையில் தந்தார்.

நாக்பூரின் சவி சாவர்க்கர் போன்றவர்கள் தீண்டாமைக்கு உள்ளானவர்களின் உடலைக் கழுத்துக் கலயத்தோடு வரைந்து, அவமானத்தைப் பார்ப்பவர் பக்கம் திருப்பினார்கள். அது தேவையான வேலை. அதோடு இன்னொரு வேலையும் மீதமிருக்கிறது. நம் அப்பாவும் அம்மாவும் கருவி ஏந்தாமல், சும்மா உட்கார்ந்து சிரித்துப் பேசும் படத்தை நாமே வரைய வேண்டும். வீட்டு இரும்புப் பெட்டியில் கிடக்கும் திருமணப் புகைப்படங்களை மாணவர்கள் எடுத்துப் பாருங்கள். அதில் நிற்பவர்கள் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பெரியவர்களிடம் கேட்டுப் பின்பக்கத்தில் எழுதுங்கள். அவர்கள் எப்படிச் சந்தித்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்பதையும் எழுதுங்கள். 1837இல் அந்த எழுத்தாசிரியர் வகைகளை எழுதினார். நாம் பெயர்களை எழுதுவோம்.

ஜெய்பீம்.